வால் நிமிராவிட்டால் என்ன?

நாய் வாலை நிமிர்த்த முடியுமா என்பது நம்மவர் பழமொழி. ஒருவரைத் திருத்தவே இயலாது என்று கைவிடத் துணியும்போது இதனைத்தான் நாம் துணைக்கு அழைக்கிறோம். இதில் நாய்க்கு நேர்ந்துள்ள அநீதியை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. வளைந்த வால் அதன் பிறவி அமைப்பு. அதனால் அதற்கும் தீங்கில்லை, நமக்கும் தீங்கில்லை. வாலை நிமிர்த்துவதற்காக யாரும் நாய் வளர்ப்பதுமில்லை. அழைத்தவுடன் வருகிறதா, இருக்கச் சொன்ன இடத்தில் இருக்கிறதா, வீதியில் நம்மை இழுத்துச் செல்லாமல் நம்மோடு நடக்கிறதா, விருந்தினர் மீது பாயாமல் அமைதி காக்கிறதா என்பவையே ஓர் இல்லத்துக்கு வேண்டியவை. இவற்றை நாய் கற்றுக்கொள்ளும். பலர் கூடியிருக்கும் களத்தில், நடுவர் மதிப்பெண் இட, செய்துகாட்டும் அளவுக்கும் கற்றுக்கொள்ளும். கீழ்ப்படிதல் தேர்வு என்று அதற்குப் பெயர். சிறிய டெரியர் நாய் ஒன்றுடன் அத்தேர்வுக்குச் செல்வது எத்தகையது என்பதையும், அதனால் ஒரு குடும்பம் அடையும் பயன் யாது என்பதையும் இத்திங்கள் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

குடும்ப இதழில் நாய்க்கு என்ன இடம் என்று சிலர் வினவக்கூடும். நாம் குடியிருக்கும் மணிமங்கலத்தைச் சற்றே சுற்றிப் பார்த்தால் விடை கிடைக்கும். பழம்பெரும் ஊர் இது. ஏழாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன் சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியை வென்ற களங்களுள் ஒன்றாகக் கூரம் செப்பேடு இவ்வூரைக் குறிக்கிறது. பெரிய ஏரியும் அதன் பாசன வயல்களுமாக விளங்கிய இவ்வூர், இன்று ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடைப்பட்ட தொழிற்சாலைப் பகுதியின் அண்டை ஊராகிவிட்டது. வயல்கள் மனைகளாயின, மனைகள் வீடுகளாயின. கணவர் இரவு முறை வேலைக்குப் போய்விட, மனைவியும் பிள்ளைகளும் தனித்திருக்கும் வீடுகள் பல. காவலுக்கு ஒரு நாய் இருக்கட்டும் என்று எண்ணுவது இயல்பே. இடம் குறைவு என்பதால் சிறிய நாயாகப் பார்த்து வாங்குகிறார்கள். உருவம் சிறிது, ஆகவே தொல்லையும் சிறிது என்பது அவர்கள் கணக்கு.

அக்கணக்கு பெரும்பாலும் பொய்த்துவிடுகிறது. சிறு குட்டி நான்கே திங்களில் கதவு மணி ஒலித்தால் வீட்டையே இரண்டாக்குகிறது. குழந்தைகளின் குதிகாலைக் கவ்வுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் முறையிடுகிறார். வீட்டுக்காரர் முகம் சுளிக்கிறார். பிறகு நாள் முழுவதும் சங்கிலி. சங்கிலியில் கிடக்கும் நாய் இன்னும் சீறுகிறது. இறுதியில் ஒரு நாள் ஏரிக்கரைப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். கழுத்துப் பட்டையின் தடம் மறையாத இத்தகைய நாய்களைக் கரையில் நாம் கண்டதுண்டு. தெருவில் வாழ அறியாத அந்த உயிர் நெடுநாள் தாங்குவதில்லை. அதைக் கொண்டுவந்து விட்ட தந்தையின் பின்னால் வண்டியில் அமர்ந்திருந்த பிள்ளை அன்று என்ன கற்றுக்கொண்டது என்பதும் எண்ணத்தக்கது. ஆகவேதான் இதனை நாம் நாயைப் பற்றிய செய்தியாக மட்டும் கருதவில்லை.

மண்ணைத் தோண்டும் குலம்

டெரியர் என்ற சொல்லே மண் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. எலி, நரி, வளைக்கரடி முதலியவற்றை அவற்றின் வளைக்குள்ளேயே புகுந்து விரட்டுவதற்கென்று பிரிட்டன் தீவுகளில் உழவரும் வேட்டையாடுவோரும் உருவாக்கிய நாய்க் குலம் இது. நம் மூத்த தலைமுறையினருக்கு இக்குலத்தோடு பழைய உறவு உண்டு. கிராமபோன் குழாயின் முன்னே தலையைச் சாய்த்து அமர்ந்திருக்கும் ஹெச்.எம்.வி. இசைத்தட்டு நாயை யார் மறந்திருக்க முடியும்? நிப்பர் என்னும் அந்த நாயும் டெரியர் வகையைச் சேர்ந்ததுதான். பிரான்சிஸ் பராட் என்ற ஓவியர் அதனைத் தீட்டினார். படத்தின் பெயரே தலைவனின் குரலைக் கேட்பதைக் குறிப்பது. ஆயினும் தலைவனின் குரலைக் கேட்டுப் பணிவது டெரியருக்கு எளிதாக வருவதன்று. அதற்குக் காரணம் உண்டு.

ஆடு மேய்க்கும் நாயை எண்ணிப் பாருங்கள். மேய்ப்பன் கரையில் நிற்கிறான். நாய் மந்தையைச் சுற்றி ஓடுகிறது. ஒவ்வொரு கணமும் அது மேய்ப்பனின் கையசைவையும் சீழ்க்கையையும் எதிர்நோக்கும். அவ்வாறு நோக்கிய நாய்களையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தார்கள். டெரியரின் தொழில் வேறு. இருண்ட வளைக்குள் அது தனியே செல்கிறது. உள்ளே எதிரி எங்கே பதுங்கியிருக்கிறது, எப்போது பாய்வது, எப்போது பின்வாங்குவது என்பதைச் சொல்ல அருகில் ஆள் இல்லை. தானே முடிவெடுத்துத் துணிந்து செயல்பட்ட நாயே வேலைக்குப் பயன்பட்டது. தலைவன் என்ன சொல்வானோ என்று திரும்பிப் பார்த்துக் கொண்டிருந்த நாய் கடிபட்டது. ஆகவே இன்று நம் முற்றத்தில் ஓணானைக் கண்டதும் நம் குரல் அதன் செவியில் விழாமற் போவது திமிரன்று; அதன் முன்னோர் பிழைத்த வழி. நம் நாட்டு இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி ஆகிய வேட்டை நாய்களிடமும் இதனை ஒத்த தன்மையைக் காணலாம். முயலைக் கண்ணால் கண்டு காற்றாய்ப் பறக்கும் நாய், ஓட்டத்தின் நடுவே கட்டளைக்குக் காத்திருப்பதில்லை.

ஸ்டான்லி கோரன் என்னும் உளநூல் பேராசிரியர், 1994 ஆம் ஆண்டு வெளியிட்ட நாய்களின் அறிவு பற்றிய நூலுக்காக, வட அமெரிக்காவின் கீழ்ப்படிதல் தேர்வு நடுவர்கள் ஏறத்தாழ 200 பேரின் கருத்தைத் திரட்டினார். பயிற்சிக்கு விரைந்து பணியும் வகைகளின் வரிசையில் பார்டர் கோலி முதலிடம் பெற்றது, பூடில் இரண்டாவது, நாம் அல்சேஷன் என்றழைக்கும் ஜெர்மன் ஷெப்பர்டு மூன்றாவது. முதற் பத்து இடங்களில் ஒரு டெரியரும் இல்லை. ஆனால் பாப்பிலான் என்னும் மிகச் சிறிய நாய் அப்பத்தில் இடம் பெற்றது. ஆகவே உருவம் சிறுத்திருப்பது தடையன்று. தடை இருப்பது குலத் தொழிலில். அப்படியிருந்தும் டெரியரோடு களத்தில் இறங்கித் தேறியவர்கள் உலகெங்கும் உள்ளனர் என்பதுதான் இதில் சுவையான செய்தி.

தேர்வு தோன்றிய கதை

கீழ்ப்படிதல் தேர்வு தோன்றியதே ஓர் ஏளனத்துக்கு மறுமொழியாகத்தான். அமெரிக்காவில் ஹெலன் வைட்ஹவுஸ் வாக்கர் என்ற அம்மையார் பூடில் நாய்களை வளர்த்துவந்தார். மயிரைப் பூப்போலக் கத்தரித்து அழகு பார்ப்பதற்கன்றி அவை எதற்கும் உதவா என்று பலர் நகைத்தனர். அவற்றுக்கு அறிவு உண்டு என்று மெய்ப்பிக்க எண்ணிய அம்மையார், இங்கிலாந்தில் நடந்துவந்த முறையை ஒட்டி, 1933 ஆம் ஆண்டு நியூயார்க்கு மாநிலத்தின் மவுண்ட் கிஸ்கோ என்னுமிடத்தில் ஒரு தேர்வை நடத்தினார். எந்த வகை நாயும் கலந்துகொள்ளலாம் என்பதே அதன் சிறப்பு. 1936 இல் அமெரிக்கக் கென்னல் கழகம் அத்தேர்வுகளை ஏற்றுக்கொண்டது. மறு ஆண்டு வாக்கர் அம்மையாரும் அவருடைய பயிற்சியாளர் பிளான்ச் சாண்டர்ஸ் என்பவரும் பூடில்களை ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டு நாடு முழுதும் சுற்றித் தேர்வின் முறையைப் பரப்பினர். இங்கிலாந்தின் புகழ்பெற்ற கிரஃப்ட்ஸ் கண்காட்சியில் 1955 முதல் கீழ்ப்படிதலுக்கென்றே சாம்பியன் போட்டி நடைபெறுகிறது. கலப்பின நாய்களுக்கு நெடுங்காலம் மூடியிருந்த அமெரிக்கக் கழகத்தின் கதவும் 2010 இல் திறந்தது.

இந்தியக் கென்னல் கழகத்தின் தலைமையகம் நம் சென்னையில்தான் உள்ளது. மெட்ராஸ் கெனைன் கிளப் 1976 முதல் இயங்கி வருகிறது. இத்தகைய அமைப்புகளின் கண்காட்சிகளில் அழகுப் போட்டியோடு கீழ்ப்படிதல் தேர்வும் இடம்பெறுவதுண்டு. அழகுப் போட்டியில் நாயின் உடலமைப்பை நடுவர் காண்கிறார். கீழ்ப்படிதல் தேர்விலோ நாய்க்கும் அதை நடத்துபவருக்கும் இடையே உள்ள உறவைக் காண்கிறார்.

களத்தில் நடப்பது யாது? அமெரிக்கத் தொடக்கநிலைத் தேர்வில் நெடுங்காலம் நடைமுறையில் இருந்த பட்டியலைச் சொன்னால் விளங்கும். கயிற்றோடு நம் இடப்பக்கம் காலோடு ஒட்டி நடத்தலுக்கு 40 மதிப்பெண்; கயிறின்றி அவ்வாறே நடத்தலுக்கு 40; அயலாராகிய நடுவர் தொட்டுப் பார்க்கையில் அசையாது நிற்பதற்கு 30; தொலைவிலிருந்து அழைத்ததும் நேரே வந்து முன்னே அமர்தலுக்கு 30; மற்ற நாய்களோடு வரிசையில் ஒரு நிமிடம் உட்கார்ந்திருப்பதற்கு 30; மூன்று நிமிடம் படுத்திருப்பதற்கு 30. ஆக 200. இதில் 170 பெற வேண்டும். ஒவ்வொரு பயிற்சியிலும் பாதிக்கு மேல் பெற வேண்டும். ஐந்து பயிற்சிகளில் முழு மதிப்பெண் பெற்று ஒன்றில் எழுந்து ஓடிவிட்டால் தேர்ச்சி இல்லை. இவ்வாறு மும்முறை தேறினால் துணை நாய் என்ற பட்டம். மேல்நிலைகளில் தடை தாண்டல், எறிந்த பொருளைக் கவ்வி வரல், நம் கை மணம் படிந்த பொருளை மட்டும் பலவற்றினின்று பிரித்தெடுத்தல் முதலியன சேரும். தாண்ட வேண்டிய தடையின் உயரம் நாயின் தோள் உயரத்தைப் பொறுத்து அமையும். ஆகவே சிறிய நாய்க்கு அங்கே அநீதி இல்லை.

சிறிய நாயின் பெரிய இடர்கள்

விதி பொதுவாயினும் களம் பொதுவாக இருப்பதில்லை. முதலாவது, உயரம். அல்சேஷன் நடக்கும்போது அதன் தலை நம் இடுப்பருகே இருக்கும். நம் முகத்தைப் பார்க்க அது சற்றே நிமிர்ந்தால் போதும். ஒரு சாணுக்கு மேல் ஓரிரு விரல் உயரமே உள்ள டெரியர் நம் முகத்தைக் காணக் கழுத்தை வானத்துக்குத் திருப்ப வேண்டும். நம் செருப்பு அதன் கால்மீது ஒருமுறை பட்டுவிட்டால் பல நாள் அருகே வராது. இரண்டாவது, நம் உடல். சிறிய நாய்க்கு எதையும் கொடுக்க நாம் குனிகிறோம். ஒரு பனைமரம் தன்மேல் சாய்வதைப் போல அது அஞ்சி விலகுகிறது. அதனால்தான் தேர்ந்தவர்கள் தொடக்கத்தில் தரையில் அமர்ந்தே கற்பிக்கிறார்கள். நடை பழக்குகையில் நீண்ட மரக்கரண்டியின் நுனியில் சிறிது உணவைத் தடவி, நாயின் மூக்கருகே பிடித்து, நிமிர்ந்தபடியே நடக்கிறார்கள். நம் சமையற்கட்டிலுள்ள தோசைக் கரண்டியே இதற்குப் போதும்.

மூன்றாவது, தரை. பெரிய நாய்க்குப் புல். சிறிய நாய்க்கு அதுவே புதர். ஈரப் புல்லில் வயிறு படிய உட்காரச் சொன்னால் அது அரைகுறையாகக் குந்தும். நடுவர் மதிப்பெண்ணைக் குறைப்பார். நம் நாட்டு வெயிலில் சிமெண்டுத் தரையின் அனல் அதன் வயிற்றைத்தான் முதலில் சுடும். புறங்கையைத் தரையில் வைத்துப் பார்த்து, நம்மால் சில நொடிகள் தாங்க இயலாவிட்டால் நாயை அங்கே அமர்த்தலாகாது. நான்காவது, அச்சம். தன்னைப்போல் ஐந்து மடங்கு எடையுள்ள நாய்களுக்கு நடுவே, தலைவன் தொலைவில் நிற்க, கயிறின்றிப் படுத்திருப்பது சிறிய நாய்க்குப் பெருஞ்சோதனை. வரிசையில் ஒரு பெரிய நாய் எழுந்துவிட்டால் ஆபத்து சிறியதற்கே. 2018 இல் அமெரிக்கக் கழகம் இவ்விதியை மாற்றி, தொடக்கநிலையில் வரிசையில் காத்திருக்கும் நாய்களைக் கயிற்றோடு உரிமையாளரே பிடித்திருக்கச் செய்தது.

இனி நாம் நேரில் கண்டதைச் சொல்வோம். நம் இல்லத்தில் வளர்வது ஏழு கிலோ எடையுள்ள வெள்ளையும் பழுப்பும் கலந்த ஒரு டெரியர். பெயர் மணி. பயிற்சிக்கென்று தனி மைதானம் இல்லை. காலையில் தொழிற்சாலைப் பேருந்துகள் போன பிறகு தெருவும், மாலையில் ஏரிக்கரையுமே அதன் பள்ளி. சென்னையில் ஒரு கண்காட்சியோடு நடந்த தொடக்கநிலைத் தேர்வுக்கு விடியுமுன் எழுந்து முடிச்சூர் வழியாகத் தாம்பரம் கடந்து சென்றோம். அல்சேஷன், லாப்ரடார், டாபர்மேன் என்று பெருந்தலைகள் நின்ற வரிசையில் மணியைக் கண்டதும் பார்வையாளர் சிலர் சிரித்தனர். காலோடு நடந்தது, நடுவர் தொட்டபோது நின்றது, அழைத்தபோது காற்றாய் வந்து, சற்றே கோணலாகத்தான் எனினும், முன்னே அமர்ந்தது. ஒலிபெருக்கி திடீரெனக் கிறீச்சிட்டபோதும் உட்கார்ந்த இடத்தைவிட்டு நகரவில்லை. மூன்று நிமிடம் படுத்திருக்கும் பயிற்சியின் இறுதியில் வேலியோரத் தூங்குமூஞ்சி மரத்தில் ஓர் அணில் இறங்கிற்று. மணி எழுந்து நின்றது. ஓர் அடியும் எடுத்து வைக்கவில்லை, நின்றது, அவ்வளவே. ஆயினும் படுத்திருக்க வேண்டிய நாய் நின்றால் அப்பயிற்சி தவறியதே. அன்று தேர்ச்சி இல்லை.

அணில் மரத்தில் இறங்கக்கூடாது என்று நாம் சொல்ல முடியாது. ஆகவே அணில் உள்ள இடத்திலேயே பழக வேண்டும் என்று முடிவு செய்தோம். வீட்டுப் பின்புறம் உள்ள முருங்கை மரத்தடியில் முதலில் ஐந்து நொடி, பிறகு பத்து நொடி, பிறகு அரை நிமிடம் எனப் படுத்திருக்கப் பழக்கினோம். அணிலைப் பார்த்தும் எழாமல் இருந்த ஒவ்வொரு முறையும் வேகவைத்த ஈரலில் ஒரு துண்டு. சில வேளை அதைவிடப் பெரிய பரிசாக, ‘போ’ என்று சொல்லி அணிலை மரம் வரை துரத்தவே விட்டோம். அணிலுக்கு ஆபத்தில்லை, அது எப்போதோ மேலே போயிருக்கும். எதை நாய் மிக விரும்புகிறதோ அதனையே கீழ்ப்படிதலுக்குப் பரிசாக்குவது டெரியரைப் பழக்குவதில் தலைசிறந்த வழி. எட்டுத் திங்களுக்குப் பின் மற்றொரு தேர்வில் மணி தேறியது. முதலிடம் பெறவில்லை, தேறியது.

அந்த எட்டுத் திங்களுக்கு நடுவே நடந்த ஒன்றுதான் நமக்குத் தேர்ச்சியினும் பெரிது. ஒரு நாள் சிலிண்டர் கொண்டுவந்தவருக்காக வாயிற்கதவு திறக்கப்பட்டது. எதிர் வீட்டு மதில்மேல் அணில். மணி வெளியே பாய்ந்துவிட்டது. தெருமுனையில் தண்ணீர் லாரி திரும்பிக்கொண்டிருந்தது. வீட்டிலிருந்து ‘இரு’ என்ற ஒரே சொல் எழுந்தது. மணி தெருவோரத்தில் நின்று, பிறகு மெல்ல அமர்ந்தது. உடல் முழுதும் ஆசையால் நடுங்கிக்கொண்டிருந்தது, கண் அணிலைவிட்டு அகலவில்லை, ஆனால் அமர்ந்திருந்தது. லாரி கடந்து சென்றது. கீழ்ப்படிதல் என்பது ஆசை அற்றுப்போவதன்று என்பதை அன்று தெளிவாகக் கண்டோம். ஆசை முழுவதும் உள்ளே இருக்க, பழகிய குரலை அதனினும் பெரிதாகக் கொள்வதே அது.

குழாய்க்குள் சென்ற சிறு வீரர்

அழைத்தால் வருதல் என்னும் பயிற்சி எத்துணைப் பெரிய காரியத்துக்கு உதவும் என்பதற்கு வரலாற்றில் ஒரு சான்று உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது, 1944 இல், நியூகினித் தீவின் காட்டில் கைவிடப்பட்ட ஒரு பதுங்குகுழியில் பெண் யார்க்ஷயர் டெரியர் ஒன்று அமெரிக்கப் படைவீரர் ஒருவர் கண்ணில் பட்டது. எடை இரண்டு கிலோவுக்கும் குறைவு; உயரம் ஏழு அங்குலம். ஜப்பானியர் விட்டுச் சென்றதோ என்று எண்ணிப் போர்க் கைதிகளிடம் கொண்டுபோய்ப் பேசச் செய்தனர். அதற்கு ஜப்பானிய மொழியும் தெரியவில்லை, ஆங்கிலமும் தெரியவில்லை. பில் வின் என்ற இளம் படைவீரர் அதனை இரண்டு ஆஸ்திரேலியப் பவுண்டுக்கு வாங்கி ஸ்மோக்கி எனப் பெயரிட்டார். கிடைத்த ஓய்வு நேரத்திலெல்லாம் அதற்குக் கீழ்ப்படிதலும் வேடிக்கைகளும் கற்பித்தார். படையினரின் இதழ் ஒன்று நடத்திய சிறந்த செல்ல நாய்ப் போட்டியில் ஸ்மோக்கி பரிசும் பெற்றது.

1945 இன் தொடக்கத்தில் பிலிப்பைன்சின் லிங்காயென் வளைகுடாவில் விமான ஓடுதளத்தின் கீழே தந்திக் கம்பி செலுத்த வேண்டியிருந்தது. ஓடுதளத்தின் அடியில் 70 அடி நீளமும் எட்டு அங்குல விட்டமும் உள்ள வடிகால் குழாய் ஓடிற்று. இணைப்புகளின் வழியே மண் சரிந்து பல இடங்களில் பாதி அடைந்திருந்தது. தோண்டுவதானால் மூன்று நாள் ஆகும். அதுவரை ஓடுதளத்தில் பணியாற்றுவோரும் விமானங்களும் எதிரியின் குண்டுக்கு இலக்காவர். ஸ்மோக்கியின் கழுத்துப் பட்டையில் ஒரு நூற்கயிறு கட்டப்பட்டது. வின் குழாயின் மறுமுனைக்குச் சென்று அழைத்தார். சில அடி சென்ற நாய் திரும்பிவிட்டது. மீண்டும் அழைத்தார். இருளில், மண்மேட்டின் மீது ஊர்ந்து, குரல் வந்த திசையையே நம்பி அது மறுமுனை வந்து சேர்ந்தது. நூலின் பின்னே கம்பி சென்றது. வளைக்குள் அஞ்சாது புகுதல் அதன் குலம் தந்தது. அழைத்த குரலுக்கு வருதல் பயிற்சி தந்தது. இரண்டில் ஒன்று குறைந்திருந்தாலும் அச்செயல் நடந்திராது. போருக்குப் பின் அது மருத்துவமனைகளில் காயமுற்றோரை மகிழ்வித்து, 1957 இல் முதுமையில் இறந்தது.

வீட்டில் தொடங்குவது எப்படி?

கண்காட்சிக்குப் போக எண்ணாதவர்களுக்கும் இத்தேர்வின் பாடத்திட்டம் பயன்படும். முதலில் சொற்களை ஒழுங்கு செய்யுங்கள். தந்தை ‘வா’ என்கிறார், தாய் ‘இங்கே வாடா’ என்கிறார், மகன் ‘கம்’ என்கிறான், பாட்டி பெயரை மட்டும் மும்முறை கூப்பிடுகிறார். எது கட்டளை என்று அந்த வாயில்லா உயிர் எப்படி அறியும்? ‘வா’, ‘உட்கார்’, ‘படு’, ‘இரு’ என்னும் நான்கு சொற்களை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். வீட்டார் அனைவரும் அவற்றையே ஆளுங்கள். குடும்பம் ஒரே குரலில் பேசப் பழகுவது நாய்க்கு மட்டும் நன்மையன்று.

நேரம் மிகுதியாக வேண்டியதில்லை. நாளுக்கு மூன்று முறை, முறைக்கு ஐந்து நிமிடம் போதும். டெரியருக்கு நீண்ட பாடம் சலிப்பைத் தரும். இன்னும் ஒருமுறை செய்யலாமே என்று அது விழையும் நிலையிலேயே நிறுத்திவிட வேண்டும். பரிசு உடனுக்குடன் கிடைக்க வேண்டும். உணவுக்கு முன் ஒலித்த ஒலிக்கே நாயின் வாயில் நீர் ஊறுவதை உருசிய அறிஞர் பாவ்லோவ் ஆய்ந்து காட்டியதைப் பள்ளிப் பிள்ளைகளும் படித்திருப்பார்கள். நாயின் மனம் அடுத்தடுத்து நிகழ்வனவற்றையே இணைக்கிறது. உட்கார்ந்த மறுநொடி தரும் ஒரு துணுக்கு முட்டை, பத்து நிமிடம் கழித்துத் தரும் தட்டுச் சோற்றைவிட மேலானது. தண்டனைக்கும் அதே நியதி. அழைத்தபோது வராமல் சுற்றிவிட்டுக் கடைசியில் வந்து நிற்கும் நாயை அடித்தால், வந்ததற்கே அடி என்று அது கற்கும், மறுநாள் வராது. எத்துணைச் சினம் இருந்தாலும் வந்த நாயை வரவேற்கத்தான் வேண்டும்.

பரிசுப் பொருளிலும் கவனம் தேவை. சாக்லேட், வெங்காயம், திராட்சை, உலர் திராட்சை ஆகியன நாய்க்கு நஞ்சு. ஆகவே மிஞ்சிய பிரியாணி பரிசாகாது. குட்டிக்கு மூன்று திங்கள் நிறைந்ததும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டு, பின்னர் மருத்துவர் கூறும்படி தவறாது தொடருங்கள். எந்த நாய் கடித்தாலும், சிறு கீறலே ஆயினும், சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வெறிநோய் வெளிப்பட்ட பின் உயிரைக் காப்பது அரிது. முன்னரே தடுப்பது எளிது. பழகிய நாயானாலும் தெருவில் கயிறின்றி விடலாகாது. நாய்க்கு அஞ்சும் அண்டை வீட்டாருக்கும் தெருவில் உரிமை உண்டு.

வாங்குமுன் ஒரு கணக்கும் போட்டுப் பாருங்கள். சிறிய டெரியர் 12 முதல் 15 ஆண்டுகள் வாழக்கூடியது. இன்று ஐந்தாம் வகுப்பில் படிக்கும் பிள்ளை கல்லூரி முடித்து வேலைக்குப் போகும் காலம் வரை அது உங்களோடு இருக்கும். வாடகை வீடு மாறலாம். வேலை ஒரகடத்திலிருந்து ஓசூருக்கு மாறலாம். அப்போதும் அதனை உடன் கொண்டுசெல்லும் துணிவு இருந்தால் மட்டுமே வாங்குங்கள். டெரியர்தான் வேண்டுமென்பதும் இல்லை. நம் தெருவில் பிறந்த நாட்டு நாய்க்குட்டிக்கும் இந்நான்கு சொற்களும் விளங்கும். வெயிலும் மழையும் அதற்குப் பழக்கம். ஏற்கெனவே வீட்டில் வளர்ந்த நாய் சங்கிலியில் கிடக்குமானால், வயதாகிவிட்டது என்று தயங்க வேண்டாம். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பது நாய்க்குப் பொருந்தாது. முதிர்ந்த நாய் குட்டியைவிட நீண்ட நேரம் கவனம் செலுத்தும்.

பயிற்சியைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்து, பெரியவர் ஒருவர் அருகில் இருங்கள். தன்னிலும் சிறிய உயிர் ஒன்றைக் குரல் உயர்த்தாமல் பழக்கிக்காட்டிய பிள்ளை பொறுமையின் பயனைக் கையால் தொட்டு அறிகிறது. ஒரு திங்கள் முயன்று பாருங்கள். முதல் வாரம் ‘உட்கார்’ மட்டும். இரண்டாம் வாரம் ‘வா’. மூன்றாம் வாரம் ‘படு’. நான்காம் வாரம் ‘இரு’. ஐந்தாம் வாரம் உங்கள் வாயிற்கதவைத் திறந்துவைத்து, கயிற்றைக் கையில் பிடித்தபடி, ‘இரு’ என்று சொல்லிப் பாருங்கள். நாய் இருந்துவிட்டால், களத்துக்குப் போகாமலே அது முதல் தேர்வில் தேறிவிட்டது என்று கொள்ளலாம்.